ஒரு பானைச் சோற்றுக்கு எத்தனை சோறு பதம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் போனால் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் கூட்டம் நிற்கும். எல்லார் கண்ணும் ரேட் பலகை மேல்தான். ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, இன்றைக்கு எத்தனை ரூபாய்? எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அண்ணன், சம்பளம் வந்த கையோடு ஊருக்குப் பணம் அனுப்ப மாட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை ரேட் பார்ப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் ஒரு தடவை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு தடவை. மூன்றையும் சட்டைப்பையில் இருக்கும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு, "ஏறுமுகமாத்தான் இருக்கு, ரெண்டு நாள் பொறுப்போம்" என்பார்.

அந்தக் குறிப்பேடுதான் நான் விளக்க வந்த விஷயம். நிற்காமல் ஓடும் ஒரு விலையை அவ்வப்போது எட்டிப் பார்த்து, பார்த்த நேரத்தையும் கண்ட விலையையும் எழுதி வைப்பதற்கு மாதிரியெடுத்தல் என்று பெயர். கணினிக்காரர்கள் சாம்ப்ளிங் என்பார்கள். அண்ணன் மூன்று தடவை செய்வதை நாள் முழுக்க, அலுப்பில்லாமல், முப்பது நாற்பது பங்குகளுக்குச் சேர்த்துச் செய்யும் மென்பொருள்தான் சந்தைத் தரவு மாதிரியெடுப்பான். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஐம்பது அறுபது வரியில் எழுதிவிடலாம். எக்செலிலேயே ஆர்டிடி என்ற வசதி 2002 பதிப்பிலிருந்து இருக்கிறது. பங்குத் தரகரின் மென்பொருள் அனுப்பும் விலையை அது கட்டத்துக்குள் ஓட விடும், நாம் நிமிடத்துக்கு ஒரு தடவை அதைப் பக்கத்துத் தாளுக்கு நகலெடுத்தால் போதும். எழுதுவது சுலபம். எழுதியது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு மாதிரியெடுப்பு விதி. பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நேரத்தில் போட்டது, ஒரே தண்ணீரில் வேகிறது. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் மற்றதும் தெரிந்துவிடும். சந்தைப் பானைக்கு இது செல்லாது. அங்கே அடுப்பின் சூடு நொடிக்கு நொடி மாறுகிறது. 10:41க்கு எடுத்த பருக்கை 10:42ஐப் பற்றி உத்தரவாதம் எதுவும் தராது.

எதைக் குறிப்பது?

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சறுக்கும் இடம் இது. விலை என்றால் ஓர் எண் என்று நினைத்துக்கொள்கிறோம். நாணய மாற்றுக் கடைப் பலகையை நினைத்துப் பாருங்கள்: கடைக்காரர் வாங்கும் விலை ஒரு பத்தியில், விற்கும் விலை இன்னொரு பத்தியில். பங்குச் சந்தையிலும் அப்படியே. வாங்கக் காத்திருப்பவர்களில் அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவரின் விலை ஒன்று, அதுதான் பிட். விற்கக் காத்திருப்பவர்களில் குறைந்த விலைக்கு இறங்கி வந்தவரின் விலை இன்னொன்று, அது ஆஸ்க். இவை தவிர, கடைசியாகக் கைமாறிய விலை மூன்றாவது. தொலைக்காட்சியின் அடியில் ஓடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

ஒரு கற்பனைப் பங்கை ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை மாதிரியெடுத்தால் கோப்பு இப்படி இருக்கும். வரிசைப்படி: நாம் பார்த்த நேரம், பிட், ஆஸ்க், கடைசி விலை, அன்று அதுவரை கைமாறிய மொத்தப் பங்குகள், கடைசி வியாபாரம் நடந்த நேரம்.

10:41:00 | 1.23 | 1.24 | 1.24 | 84,200 | 10:40:52
10:42:00 | 1.23 | 1.24 | 1.23 | 85,000 | 10:41:37
10:43:00 | 1.23 | 1.24 | 1.23 | 85,000 | 10:41:37

கடைசி விலையை மட்டும் பார்த்தால் பங்கு ஒரு நிமிடத்தில் ஒரு காசு சரிந்துவிட்டது. பிட்டையும் ஆஸ்க்கையும் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. முதலில் யாரோ ஆஸ்க் விலைக்கு வாங்கினார், பிறகு யாரோ பிட் விலைக்கு 800 பங்கு விற்றார், அவ்வளவுதான். விலை குறைந்த பங்குகளில் இந்தத் துள்ளல் இன்னும் பெரிதாகத் தெரியும். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் 1 வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள பங்குகள் ஒவ்வொரு காசாக நகரும். 20 காசிலிருந்து 1 வெள்ளிக்குள் இருப்பவை அரைக்காசு அரைக்காசாக நகரும். 20.5 காசுக்கும் 21 காசுக்கும் இடையில் அரைக்காசுதான் என்றாலும் சதவிகிதத்தில் அது இரண்டுக்கு மேல். கடைசி விலையை மட்டும் சேகரித்த நிரல் இந்தப் பங்கு குதித்துக் குதித்து ஆடுகிறது என்று அறிக்கை கொடுக்கும். அதனால் பிட், ஆஸ்க் இரண்டையும் எழுதி வைத்து, அவற்றின் நடுப்புள்ளியைக் கணக்குக்கு எடுப்பது நல்லது.

மூன்றாவது வரியையும் கவனியுங்கள். நாம் பார்த்த நேரம் 10:43. அந்த விலையோ 10:41:37க்கு உரியது. இரண்டு நேரத்தையும் தனித்தனியாக எழுதி வைக்காத நிரலை நான் நம்ப மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

கேட்பதா, காது கொடுத்து இருப்பதா?

விலையை வாங்க இரண்டு வழி. நிமிடத்துக்கு ஒரு தடவை கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு "இப்ப ரேட் என்ன?" என்று கேட்பது ஒன்று. ஒரு நிரல் இன்னொரு கணினியிடம் தகவல் கேட்டு வாங்கும் வழியான சாதாரண இணைய ஏபிஐ அப்படித்தான் வேலை செய்கிறது. அடிக்கடி கூப்பிட்டால் கடைக்காரர் தொலைபேசியை எடுக்க மாட்டார். சர்வரும் நிமிடத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைத்திருக்கும். வானொலியைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பது மற்றது. வெப்சாக்கெட் போன்ற இணைப்பில் விலை மாறும்போதெல்லாம் சந்தையே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படி வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிக் என்று பெயர். நிரல் கடைசியாகக் கேட்டதை நினைவில் வைத்திருந்து, கடிகாரம் அடிக்கும்போது அதை நகலெடுத்து எழுதும்.

எல்லா டிக்கையும் அப்படியே சேமித்துவிட்டால் என்ன? சேமிக்கலாம், இடம் இருந்தால். நம் சந்தை காலை 9 முதல் 12 வரை, பிறகு 1 முதல் 5 வரை, மொத்தம் 7 மணிநேரம் தொடர்ந்து நடக்கிறது. அது 25,200 நொடி. சிங்கப்பூரின் முக்கியப் பங்குகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் இருக்கும் 30 பங்குகளையும் நொடிக்கு ஒரு தடவை குறித்தால் ஒரு நாளைக்கு 7,56,000 வரி. நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 12,600 வரி. பின்னதைப் பழைய மடிக்கணினியே கூச்சமில்லாமல் திறக்கும்.

நமக்கு வரும் "நேரடி" ஓட்டமும் பல சமயம் ஏற்கனவே ஒரு தடவை வடிகட்டப்பட்டது. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் போன்ற தரகர்கள் பங்குகளின் வழக்கமான விலை ஓட்டத்தை டிக் டிக்காக அனுப்புவதில்லை. சுமார் கால் நொடிக்கு ஒரு தடவை எடுத்த நகலைத்தான் அனுப்புகிறார்கள். இலவச இணையதளங்களில் இன்னொரு வேடிக்கை: எண்கள் பளிச் பளிச்சென்று மாறும், ஓரத்தில் சின்ன எழுத்தில் 10 அல்லது 15 நிமிடத் தாமதம் என்று போட்டிருக்கும். கூகுள் ஷீட்ஸின் விலை வசதியும் 20 நிமிடம் வரை தாமதமாகலாம். தாமத விலையைச் சேகரித்துப் பழகுவதில் தவறே இல்லை. அதை நேரடி விலை என்று நம்பி வியாபாரம் செய்யாமல் இருந்தால் சரி.

இரண்டு பார்வைக்கு நடுவில்

2010 மே 6, நியூயார்க். அங்கே மதியம் 2:42 வாக்கில் டவ் ஜோன்ஸ் குறியீடு முந்தைய நாளைவிட ஏற்கனவே 300 புள்ளிகளுக்கு மேல் இறங்கியிருந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் சுமார் 600 புள்ளிகள் விழுந்து, மொத்தச் சரிவு ஆயிரத்தைத் தொடப் போனது. பிறகு இருபது நிமிடத்தில் விழுந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. நமக்கு அப்போது மே 7 விடிகாலை மூன்று மணி. சிங்கப்பூரில் பெரும்பாலானோர் தூங்கிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு ஒரு மாதிரியெடுப்பான் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் அரைக்கு விலை குறித்திருந்தால், 2:30க்கு ஒன்று, 3:30க்கு ஒன்று எழுதியிருக்கும். நடுவில் பூகம்பமே வந்து போயிருக்கிறது. கோப்பில் அதன் சுவடு கூட இருக்காது. நாள் முடிவு விலையை மட்டும் எழுதிய நிரலில் அன்றைக்கு 348 புள்ளி, அதாவது 3.2 சதவிகித இறக்கம். மோசமான நாள், அவ்வளவே.

இதற்காகச் சந்தைக்காரர்கள் வெகுகாலமாகக் கையாளும் ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. இடைவெளியின் முடிவில் இருந்த விலையை மட்டும் எழுதாமல், அந்த இடைவெளிக்குள் முதல் விலை, தொட்ட உச்சம், தொட்ட அடி, கடைசி விலை ஆகிய நான்கையும் எழுதுவது. மெழுகுவத்தி வரைபடம் என்று நீங்கள் பார்த்திருக்கும் படம் இந்த நான்கு எண்ணிலிருந்து வருவதுதான். மே 6ஐ மணிக்கு ஒரு மெழுகுவத்தியாக வரைந்திருந்தால்கூட, தொட்ட அடியைக் காட்டும் கீழ்த்திரி அந்த ஒரு வத்தியில் தரைவரை நீண்டு காட்டிக் கொடுத்திருக்கும். இதற்காகவே நான் வானொலி முறைக்கு ஓட்டுப் போடுவேன். தொலைபேசி முறையில் கூப்பிட்ட நேரத்து விலைதான் கைக்கு வரும்; நடுவில் தொட்ட அடியும் உச்சமும் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

விட்டுப்போவது ஒரு வகைக் குறை. இல்லாததைக் காட்டுவது இன்னொரு வகை, அது இன்னும் ஆபத்து. மரினா பே பக்கத்தில் சுற்றும் ராட்சதச் சக்கரமான சிங்கப்பூர் ஃபிளையரை எடுத்துக்கொள்ளுங்கள். 28 கூண்டுகள், ஒரு சுற்றுக்குச் சுமார் 30 நிமிடம். ஒரு கூண்டில் சிவப்பு நாடா கட்டிவிட்டு, சரியாக 30 நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் நாடா ஒரே இடத்தில் இருக்கும். சக்கரம் பழுதாகி நிற்கிறது என்று சத்தியம் செய்யலாம். 28 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் நாடா ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் பின்வாங்கும். சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறது என்பீர்கள். இரண்டுமே பொய், ஆனால் ஒவ்வொரு படமும் உண்மை. ஒரு சுற்றை உள்ளபடி பிடிக்க அந்தச் சுற்றுக்குள் இரண்டு தடவைக்கு மேல் பார்க்க வேண்டும் என்பது தகவல் தொடர்புத் துறையின் அடிப்படைப் பாடம். சந்தைக்கு ஃபிளையர் போல நிலையான சுற்று கிடையாது. ஆனால் மணி அடித்தாற்போல் நடக்கும் பழக்கங்கள் அங்கேயும் உண்டு. முழு மணிக்கும் முழு நிமிடத்துக்கும் ஆர்டர் அனுப்பும்படி அமைத்த நிரல்கள் ஏராளம். நீங்களும் சரியாக முழு மணிக்கே பார்த்தால் அந்தச் சலசலப்பையே நாள் முழுதும் சேகரிப்பீர்கள்.

பெரிய இடத்திலேயே இது பிரச்சினையாகியிருக்கிறது. உலக நாணயச் சந்தையில் லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு, அதாவது நமக்கு இரவு 11 அல்லது நள்ளிரவு 12க்கு, ஒரு மேற்கோள் விலை கணக்கிடப்படுகிறது. உலகெங்கும் நிதிகள் தங்கள் சொத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் விலை அது. முக்கிய நாணயங்களுக்கு 4 மணிக்கு 30 நொடி முன்பிருந்து 30 நொடி பின்புவரை விலைகளை மாதிரியெடுத்துத்தான் அதை உருவாக்கினார்கள். எப்போது எட்டிப் பார்ப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் விலையை அலங்கரித்து வைக்கலாம் அல்லவா? சில பெரிய வங்கிகளின் வர்த்தகர்கள் இணைய அரட்டை அறைகளில் கூடிப் பேசி அதைத்தான் செய்தார்கள். 2014 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து அதிகாரிகள் வங்கிகளுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் போட்டார்கள். 2015 பிப்ரவரியில் அந்த ஒரு நிமிடச் சாளரம் ஐந்து நிமிடமாக்கப்பட்டது. இந்தியாவில் டாலருக்கும் ரூபாய்க்குமான அன்றாட மேற்கோள் விலைக்கு வேறு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: 11:30க்கும் 12:30க்கும் நடுவில் ஏதோ ஒரு 15 நிமிடத்தைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுப்பார்கள். ஆசிரியர் எப்போது வருவார் என்று தெரியாத வகுப்பு மாதிரி. உங்கள் சின்ன நிரலிலும் ஒவ்வொரு மாதிரிக்கும் சில நொடி முன்பின்னாகத் தள்ளாட்டம் சேர்ப்பது ஒரே ஒரு வரி வேலை.

நான் பட்டது

நான் முதலில் எழுதிய நிரல் மூன்றே காரியம் செய்தது: விலையைக் கேள், எழுது, 60 நொடி தூங்கு. பிறகு திரும்ப முதலிலிருந்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டு எழுதுவதற்கே ஒன்றரை நொடி பிடித்தது. ஆகவே ஒரு சுற்று 60 நொடி இல்லை, 61.5. காலை 9 முதல் மாலை 5 வரை 480 வரி இருக்க வேண்டிய இடத்தில் 470 கூடத் தேறவில்லை. எந்த நிமிடத்தைக் காணோம் என்று தேடியே ஒரு சனிக்கிழமை போனது. இவ்வளவு நேரம் தூங்கு என்று சொல்லாமல் அடுத்த முழு நிமிடம் வரை தூங்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகு வேறொரு கூத்து. ஒரு பங்கு தினமும் ஒரு மணிநேரம் ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்த்து, "ஆகா, என்ன நிதானமான பங்கு" என்று மெச்சினேன். அடுத்த பங்கும் அப்படியே. அதற்கடுத்ததும். மதிய இடைவேளை! சந்தை 12 மணிக்குச் சாப்பிடப் போய்விட்டது, என் நிரல் மட்டும் 12 மணி விலையையே அறுபது தடவை பயபக்தியோடு எழுதிக்கொண்டிருந்தது. அந்த அறுபது வரியையும் சேர்த்துச் சராசரி ஏற்ற இறக்கம் கணக்கிட்டு, எல்லாப் பங்கையும் சாதுவாக்கியிருந்தேன். (இங்கே இந்த இடைவேளைக்கே ஒரு கதை உண்டு: 2011இல் எடுத்துவிட்டார்கள், 2017 நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய தரவை வைத்து வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.)

இரண்டு நேரத்தையும் எழுதுங்கள் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான். நாம் பார்த்த நேரம் ஓடிக்கொண்டே இருந்து, வியாபாரம் நடந்த நேரம் எல்லாப் பங்குக்கும் ஒரே இடத்தில் நின்றால், ஒன்று சந்தை நின்றிருக்கிறது அல்லது நம் இணைப்பு செத்திருக்கிறது. 2016 ஜூலை 14 அன்று சிங்கப்பூர்ச் சந்தையில் தொழில்நுட்பக் கோளாறால் முற்பகலில் நின்ற பங்கு வியாபாரம் அன்று முழுக்கத் திரும்பவில்லை. விலை மட்டும் சேகரித்த கோப்பில் அது ஒரு நேர்கோடு. இரண்டு நேரமும் இருந்தால் என்ன நடந்தது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

தப்பான விலைகளும் வரும். மேலே சொன்ன 2010 மே 6இல் 40 டாலர் பக்கம் இருந்த அக்சென்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. அந்த வியாபாரங்கள் பிறகு ரத்து செய்யப்பட்டன. இப்படி ஒரு எண் வந்தால் அழித்துவிடாமல், பக்கத்தில் ஒரு பத்தி போட்டு "சந்தேகம்" என்று குறியிட்டு வையுங்கள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நேர மண்டலம் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் சிங்கப்பூர், இந்தியா, அமெரிக்கா மூன்றையும் பார்க்கிறோம். மும்பைச் சந்தை நம் நேரம் 11:45க்குத் திறந்து மாலை 6க்கு மூடுகிறது. நியூயார்க் கோடையில் இரவு 9:30க்கும் குளிர்காலத்தில் 10:30க்கும் திறக்கிறது, ஏனென்றால் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. எல்லாவற்றையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதிவிட்டு, பார்க்கும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றினால் தலைவலி இல்லை.

சரி, எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை? கேள்வியைப் பொறுத்தது. மாதாமாதம் பங்கு வாங்கி வைப்பவருக்கு நாள் முடிவு விலையே தாராளம். ஒரு நாளுக்குள் விலை எப்படி அலைகிறது என்று கற்றுக்கொள்ள விரும்பினால் ஒரு நிமிட மெழுகுவத்தியில் தொடங்குங்கள். நொடிக்கணக்கு வேண்டும் என்றால் சந்தைக்குக் கட்டணம் செலுத்தி நேரடித் தரவு வாங்க வேண்டும். அந்த ஒப்பந்தங்களில் பிறருக்கு மறுவெளியீடு செய்யக்கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் புளோக் அண்ணனுக்கும் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஆசையாகச் சந்தை ரேட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேகரித்து, வரைபடமெல்லாம் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ரேட்ல எனக்கு எவன் தர்றான்?" என்றார். கடைக்காரர் தரும் ரேட் வேறு, அதற்கு மேல் அனுப்பும் கட்டணம் வேறு. இப்போது அந்த நிரல் நாளைக்கு மூன்றே தடவைதான் எழுந்திருக்கிறது, அவருடைய பழைய மூன்று நேரத்தில். எழுதுவதும் ஒரே எண்தான்: 1,000 வெள்ளி கொடுத்தால், கட்டணம் போக, ஊரில் கையில் கிடைக்கும் ரூபாய்.